லாவோஸ் வீட்டுச் சமையலும் கடைச் சரக்கும்

அரிசி, மளிகை வியாபாரத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் லாவோஸ் நாட்டு வீட்டுச் சமையலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே அன்றாடச் சாப்பாடே ஒட்டரிசிதான். ஒரு நபர் உண்ணும் ஒட்டரிசியைக் கணக்கிட்டால் உலகில் அவர்களுக்கே முதலிடம். செட்டிநாட்டு விசேஷங்களில் வரும் கவுனி அரிசியும் ஒட்டும் ரகமே. நாம் அதை இனிப்பாக்குகிறோம். அவர்கள் காரத் துவையலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.

அரிசியை இரவே ஊறப்போட்டு, காலையில் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் இட்டு, கழுத்து குறுகிய பானையின் மேல் வைத்து ஆவியில் வேகவிடுவார்கள். நடுவில் கூடையை ஒரு குலுக்குக் குலுக்கினால் சோறு ஒரே கட்டியாகப் புரண்டு விழும். அந்தக் குலுக்கலை எழுதி விளக்க முடியாது; பாட்டி செய்வதைப் பேத்தி பார்த்துப் பழக வேண்டியதுதான். ஒட்டரிசி பால்போல் வெளுத்திருக்கும், சாதா அரிசி கண்ணாடிபோல் தெரியும் என்பதால் கலப்படம் கண்ணுக்கே பட்டுவிடும். கண்ணுக்குத் தப்பினாலும் ஆவியில் விறைத்து நின்று காட்டிக்கொடுக்கும்!

அடுத்தது பாடெக். ஆற்று மீனை உப்பும் தவிடும் சேர்த்து ஜாடியில் மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கு மேலும், ஊறவைப்பது. நம்மிடம் மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிற தவிடு, அங்கே மீன் ஜாடிக்குள் போகிறது. அளவு வீட்டுக்கு வீடு மாறும். குழம்பு எந்த வீட்டுக் கைப்பக்குவம் என்பதை இந்த ஜாடிதான் சொல்லும். பக்கத்து தாய்லாந்தில் இவ்வகை மீன் ஊறல் புட்டியில் அடைத்த ஆலைச் சரக்காக நன்றாக விற்கிறது. விற்கட்டும், ஆனால் புட்டி வாங்கப் பழகிய வீட்டில் ஜாடி போடும் கணக்கு அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும் என்றே நாம் கருதுகிறோம்.

எழுதி வைத்தவர் இல்லாமல் இல்லை. லுவாங் பிரபாங் அரண்மனையின் தலைமைச் சமையற்காரராக இருந்த பியா சிங் (1898-1967) தம் கைப்பட நூற்றுக்கு மேற்பட்ட பக்குவங்களை எழுதி வைத்தார். அந்த ஏடுகள் 1974-இல் பட்டத்து இளவரசர் மூலமாக அங்கிருந்த பிரிட்டிஷ் தூதர் ஆலன் டேவிட்சன் கைக்கு நகல் எடுக்கக் கிடைத்தன. மறு ஆண்டு முடியாட்சியே ஒழிந்தது. 1981-இல் அவை லாவோ மூலத்துடனும் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் நூலாக வெளிவந்தன.

ஏடு பிழைத்தது சரி, சரக்குக்கு என்ன வழி? லுவாங் பிரபாங்கின் பேர்போன 'ஓர் லாம்' குழம்புக்குச் சக்கான் வேண்டும். மிளகு இனத்துக் காட்டுக்கொடியின் தண்டு அது. நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் செவ்வியத்தை நினைத்துக்கொள்ளலாம். மென்று சாறு இறங்கியதும் சக்கையைத் துப்பிவிட வேண்டும். நாக்கு சற்று மரத்துப்போகும். வேறு எதைப் போட்டாலும் அந்த ருசி வராது. இதைத் துண்டு போட்டு விற்பவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். காலைச் சந்தையில் கீரைக்கட்டு, மூங்கில் குருத்து, மிளகாய் இவற்றோடு தரையில் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெண்கள். பெரிய லாபம் தரும் சரக்கல்ல. எனினும் அவர்கள் அதைக் கொண்டுவருவதை நிறுத்தினால், பாட்டியிடம் முறையாகக் கற்ற பேத்திக்கும் ஓர் லாம் வைக்க வழியில்லை.