சீட்டு கொடுப்பது யார்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள். நம் மாவட்டம் போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), கவுண்டி கிளார்க், பொருளாளர் என்று அங்கே பல பதவிகளுக்கு மக்களே ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஷெரிஃப் ஆக ஆசைப்படும் ஒருவருக்குக் கட்சித் தலைமை சீட்டு கொடுப்பதில்லை. அவரே மனு போட்டு, முதலில் சொந்தக் கட்சிக்காரர்களோடு மோத வேண்டும். இதுதான் பிரைமரி, அதாவது முதல்நிலைத் தேர்தல். மனுவை வாங்குவதும் அரசு அதிகாரி அல்ல, அந்தக் கவுண்டியின் கட்சித் தலைவர்! இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் கவுண்டியில் ஷெரிஃப் பதவிக்கான கட்டணம் 1,250 டாலர், சிறியதில் 750. பணம் கட்ட விரும்பாதவர் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம்.

மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கும் மே மாதத்தில் மறுபடியும் போட்டி. ஒரே கட்சி கோலோச்சும் ஊர்களில் இதில் ஜெயித்தாலே பாதிக் கிணறு அல்ல, முழுக் கிணறும் தாண்டிய மாதிரிதான். நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

ஒரு வேடிக்கை. கவுண்டியின் நிர்வாகத் தலைவருக்கு அங்கே ‘கவுண்டி ஜட்ஜ்’ என்று பெயர். ஆனால் அவர் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேரே இருந்த லவிங் கவுண்டிக்கும் ஒரு ஜட்ஜ் உண்டு, ஒரு ஷெரிஃப்பும் உண்டு.