தோண்டக் கூடாத புதையல்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், பேய்லர் தெருவில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஓக் மரம்தான். வயது சுமார் 500. பெயர் ‘ட்ரீட்டி ஓக்’, அதாவது ஒப்பந்த ஓக். கொமாஞ்சி, டோன்காவா பழங்குடியினர் புனிதமாகப் போற்றிய 14 மரங்களில் மிஞ்சியிருப்பது இது மட்டும். டெக்சஸின் குடியேற்றத் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டின் பழங்குடியினரோடு எல்லை ஒப்பந்தம் போட்டது இதன் நிழலில்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஆவணச் சான்று கிடையாது. 1937இல் மாநகராட்சி 1,000 டாலர் கொடுத்து இந்த இடத்தை வாங்கியது.

இதுபோன்ற பழைய மரங்களைத் தேடி, கையில் செல்பேசியோடு வருகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்களுடைய விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். கண்டுபிடிப்பவர் உள்ளிருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொம்மையை எடுத்துக்கொண்டால், பதிலுக்குக் குறைந்தது அதே மதிப்பில் ஒன்றைப் போட வேண்டும்.

இந்த ரேகைகளை வைத்து இடத்தைக் காட்டுவது ஜிபிஎஸ் கருவி. முன்பு அது காட்டும் இடத்தில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவைத்திருந்தது. 2000 மே 2ஆம் தேதி அது நீங்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்துவைத்தார். உள்ளே புத்தகங்கள், உண்டிவில், பீன்ஸ் டின் ஒன்று. விளையாட்டு பிறந்தது அப்படித்தான்.

ஜிபிஎஸ் சில மீட்டர் வரைதான் கூட்டிப்போகும். அடர்ந்த மரத்தடியில் சிக்னல் இன்னும் தடுமாறும். அங்கிருந்து கண்தான் தேட வேண்டும். பெஞ்சுக்கு அடியில் விரலை ஓட்டினால், காந்தத்தில் ஒட்டிய சாவிப்பெட்டி ஒன்று தட்டுப்படலாம். கல்லிடுக்கில் பழைய ஃபிலிம் ரோல் டப்பா கிடைக்கலாம். உள்ளே சுருட்டிவைத்த தாள் ஈரத்தில் ஊறி விரலோடு பிய்ந்து வருவதும் உண்டு.

ஆனால் டப்பாவை மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இது வெறும் சம்பிரதாய விதியல்ல. ஏன் என்பதை ஆஸ்டினின் ட்ரீட்டி ஓக் கதையே சொல்லும். 1989இல் ஒருவன் இதன் அடியில் வெல்பார் என்ற களைக்கொல்லியை ஊற்றினான். நூறு மரங்களைக் கொல்லப் போதுமான அளவு அது. ஊரே பதறியது. நஞ்சேறிய மண்ணை அள்ளி மாற்றினார்கள். இலைகள் மேல் ஊற்றுநீரைத் தெளித்தார்கள். தொழிலதிபர் ராஸ் பெரோ தொகை எழுதாத காசோலையே கொடுத்தார். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று குழந்தைகள் வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். அப்படியும் மரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பட்டுப்போனது. நஞ்சிட்டவனுக்கு ஒன்பது ஆண்டு சிறைத்தண்டனை.

மரத்தடி மண் அவ்வளவு மென்மையான சங்கதி. அதனால் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பொருத்தமானது டப்பாவே இல்லாத ‘விர்ச்சுவல்’ வகை. நேரில் வந்து கல்வெட்டைப் படித்தால்தான் பதில் தெரியும் என்கிற ஒரு கேள்வி, அவ்வளவுதான். பதிலுக்காகக் குனிகிறவர் நிமிரும்போது மரத்தையும் பார்த்துவிடுவார்: ஒரு பக்கம் மட்டும் செழித்து, மறுபக்கம் வெட்டுப்பட்டு நிற்கும் உருவம்.

1997இல் அது மறுபடி காய்த்தது. அந்த விதைகளைப் பொறுக்கி முளைக்கவைத்து, கன்றுகளை டெக்சஸிலும் பிற மாநிலங்களிலும் கொடுத்தார்கள்.