குஷூன், ரிசாலா, ஜவுக்: திப்புவின் காலாட்படை

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குச் சென்றுவரும் மாணவர்கள் மதிலையும் பாறையையும் நினைவில் வைத்திருப்பார்கள். மைசூர்ப் படை எப்படி அமைந்திருந்தது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

ஹைதர் அலி காலத்திலேயே மைசூர்ப் படையில் பிரெஞ்சு அதிகாரிகள் பணியாற்றினர். திப்பு சுல்தான் ஐரோப்பியப் பயிற்சி முறையை வைத்துக்கொண்டு, கட்டளைச் சொற்களைப் பாரசீகத்துக்கு மாற்றினார். அதற்காக 'ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற படைநூலே எழுதப்பட்டது. காலாட்படையின் பெரிய பிரிவு குஷூன். அதன் தலைவர் சிபாதார். குஷூன் ரிசாலாக்களாகவும், ரிசாலா ஜவுக்குகளாகவும் பிரிந்தது. (இன்று ரிசல்தார் என்பது குதிரைப்படை மரபில் வந்த பதவி, மாணவர்கள் குழம்பக்கூடும்.) குஷூனுடன் பீரங்கிகளும் ராக்கெட் வீரர்களும் சென்றதால் அது தனித்து நின்று போரிட முடிந்தது. பின்னாளில் நெப்போலியனின் டிவிஷனும் பீரங்கிகளுடன் தனித்து இயங்கியது. ஆனால் அது அளவில் மிகப் பெரியது: பட்டாலியன்கள் சேர்ந்து ரெஜிமென்ட், ரெஜிமென்ட்கள் சேர்ந்து பிரிகேடு, பிரிகேடுகள் சேர்ந்து டிவிஷன்.

1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை கிருஷ்ணகிரிப் பேட்டையைப் பிடித்தது; மலைக்கோட்டையில் ஏற முயன்று தோற்றது. சண்டையில் விழாத கோட்டை, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு கைமாறியது. ஓசூரோ 1799 வரை திப்புவிடமே இருந்தது. அந்த ஏழாண்டுகள் எல்லை இன்றைய மாவட்டத்துக்குள்ளேயே, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடியது. வரைபடப் பாடத்தில் அதைக் குறிக்கச் சொல்லலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போகும் பெற்றோர் தினமும் அதைக் கடக்கிறார்கள்.