சுரங்கச் சாலையில் ஜாக்கிரதை!

ஹிமாசலப் பிரதேசத்தில் ரோதங் மலையைக் குடைந்து அமைத்த அடல் சுரங்கச் சாலை, 2020-ம் வருஷம் அக்டோபர் மாதம் 3-ந் தேதி திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் 9.02 கிலோமீட்டர். பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்த லாஹூல் பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு அது புதிய வாசல். நம் தேசத்தின் எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் பத்து வருஷம் பனியிலும் குளிரிலும் பாடுபட்டுச் சாதித்த அரும்பெருங் காரியம் அது.

ஆனால், நேயர்களே! திறந்த மூன்று தினங்களுக்குள் அங்கே மூன்று விபத்துக்கள் நேர்ந்துவிட்டன. பாறை சரியவில்லை, விளக்கு அணையவில்லை. சிலர் பந்தயக் குதிரைபோல் காரை விரட்டினார்கள். சிலர் நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தங்களைத் தாங்களே படம் பிடித்துக் கொண்டார்கள்!

திறந்த வெளியில் செய்யும் சிறு தவறு சுரங்கத்தில் பெருந் தவறாகிவிடுகிறது. வெயிலிலிருந்து திடீரென்று உள்ளே புகும்போது கண்ணுக்குச் சிறிது நேரம் ஒன்றும் தெளிவாகத் தெரிவதில்லை. விலகிச் செல்ல இருபுறமும் இடமில்லை. தீப்பிடித்தாலோ புகை மேலே போக வழியின்றி, கூரையைத் தொட்டுக்கொண்டு பரவிக் கீழே இறங்குகிறது. நெருப்பைவிட அந்த நச்சுப் புகையே சீக்கிரம் கொல்லும்.

பிரான்ஸையும் இத்தாலியையும் இணைப்பது 11.6 கிலோமீட்டர் நீளமுள்ள மோன் பிளாங்க் சுரங்கம். 1999-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, மாவும் மார்கரினும் ஏற்றி வந்த லாரி ஒன்று அதன் நடுவே தீப்பற்றி நின்றது. 39 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வண்டிகளிலேயே இருந்தபடி உயிர் துறந்தவர்கள். கதவை மூடிக்கொண்டு காத்திருந்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணினார்களோ, என்னவோ! 2001-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி ஸ்விட்ஜர்லாந்தின் காட்ஹார்ட் சுரங்கத்தில் இரு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். அங்கே பக்கத்திலேயே பாதுகாப்பு வழி இருந்தது. தாமதியாமல் அதற்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள்.

அடல் சுரங்கத்தில் 150 மீட்டருக்கு ஒரு டெலிபோன், 250 மீட்டருக்கு ஒரு காமிரா, சாலைக்கு அடியில் தப்பிச் செல்லத் தனி வழி எல்லாம் இருக்கின்றன. அவற்றை உபயோகிக்க வேண்டியது மனிதனல்லவா?

ஆகையால், சுரங்கத்தில் நுழையுமுன் முன்விளக்கை ஏற்றுங்கள். முன்னால் செல்லும் வண்டிக்கு இடைவெளி விடுங்கள். முந்தாதீர்கள், திரும்பாதீர்கள், காரணமின்றி நிற்காதீர்கள். தப்பும் வழி எங்கே என்று போகும்போதே பார்த்து வையுங்கள். புகையைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, குழந்தை குட்டிகளுடன் உடனே வெளியேறுங்கள். பெட்டி படுக்கைகளுக்காகத் தயங்க வேண்டாம்.

கார் போனால் வேறு கார் வாங்கலாம். அகத்தில் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பவர்களுக்கு வேண்டியது நீங்கள்தான்.