‘நாமினி பெயர் என்ன?’ - மருந்து ஆய்வில் ‘வாலண்டியர்’ ஆகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“மூணு நாள் தங்கணும். சாப்பாடு, படுக்கை எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க. கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க, அவ்வளவுதான். முடிச்சுட்டு வரும்போது கையில காசு.”

பணம் தரும் மருந்து ஆய்வுகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் காதில் விழும். பக்கத்து ரூம் நண்பர் சொல்வார், வாட்ஸ்அப் குரூப்பில் வரும். மாசக் கடைசியில், கிரெடிட் கார்டு பில் கட்ட வேண்டிய நேரத்தில், ‘சும்மா படுத்திருந்தா பணம்’ என்பது ஆசை காட்டத்தான் செய்யும்.

அங்கே போனதும் ஒரு ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். பெயர், முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்டிருக்கும். அதோடு இன்னொன்றும் இருக்கும்: நாமினியின் பெயர், முகவரி, அவர் என்ன உறவு?

வங்கிக் கணக்குக்கும் இன்சூரன்ஸுக்கும் கேட்கும் அதே கேள்வி. ஆய்வின் காரணமாக உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்காகத்தான் இந்தக் கட்டம். இந்தியாவின் ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019’ இதைக் கேட்கச் சொல்கிறது. பயமுறுத்துவதற்காக அல்ல, பங்கேற்பவரின் பாதுகாப்புக்காக. ஆனால் இது பகுதிநேர வேலை மாதிரியான விஷயம் இல்லை என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

என்ன மாதிரி ஆய்வுகள்?

நோய் எதுவும் இல்லாதவர்களை, பணம் கொடுத்துச் சேர்க்கும் மருந்து ஆய்வுகள் முக்கியமாக இரண்டு வகை.

முதலாவது, ‘பயோ-ஈக்விவலன்ஸ்’ எனப்படும் சமநிலை ஆய்வு. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒரு மருந்தை வேறொரு நிறுவனம் குறைந்த விலையில் ஜெனரிக்காகத் தயாரிக்கும்போது, அதுவும் பழைய மருந்து போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜெனரிக் மருந்துத் தயாரிப்பில் இந்தியா பெரிய நாடு என்பதால், இங்கே ஆரோக்கியமானவர்களுக்கு வரும் அழைப்புகளில் இந்த வகை அதிகம்.

இரண்டாவது, ‘ஃபேஸ் 1’ எனப்படும் முதல் கட்ட ஆய்வு. புதிய மருந்தை மனித உடலில் முதன்முதலாகச் செலுத்திப் பார்க்கும் கட்டம் இது. விலங்குகளிடம் சோதித்த விவரங்கள் இருக்கும். மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும்.

இரண்டிலும் சேர்பவரை ‘வாலண்டியர்’ என்றே அழைப்பார்கள். ஆனால் ரிஸ்க் ஒன்றல்ல. எந்த வகை என்று கேட்காமல் ‘எவ்வளவு தருவாங்க?’ என்று மட்டும் கேட்பதில்தான் முதல் தவறு ஆரம்பிக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்?

சமநிலை ஆய்வையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஸ்கிரீனிங்: உயரம், எடை, ரத்தம், சிறுநீர், ஈசிஜி. மது, போதைப்பொருள் சோதனையும் உண்டு. தேர்வானால் முதல் நாள் மாலையே மையத்துக்குள் போய்விட வேண்டும். இரவு குறைந்தது 10 மணி நேரம் வெறும் வயிறு. காலையில் ஒரு மாத்திரையும் சுமார் 240 மில்லி தண்ணீரும் தருவார்கள். விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

அடிக்கடி ஊசி போடாமல் இருக்க கையில் வென்ஃப்ளான் குத்தியிருக்கும். முதல் சில மணி நேரம் சிறு இடைவெளிகளில் ரத்தம் எடுப்பார்கள். போகப் போக இடைவெளி கூடும். ஒரு சுற்றுக்கே பத்து, இருபது முறை எடுக்க வேண்டியிருக்கும். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதல் மருந்து உடலைவிட்டு முழுசாக வெளியேறும்வரை காத்திருந்து, மறுபடி கூப்பிடுவார்கள். இந்த முறை மற்ற மருந்து. அதாவது, ஒரே ஆள் இரண்டு மருந்தையும் சாப்பிட வேண்டும்.

இரு மருந்துகளின் ரத்த அளவுகளையும் ஒப்பிட்டு, புள்ளியியல் கணக்குப்படி அவற்றின் விகிதம் 80 முதல் 125 சதவீத வரம்புக்குள் நின்றால், இரண்டும் சமம் என்று பொதுவாக ஏற்கப்படும். மருந்துக் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் ஜெனரிக் மாத்திரைகளுக்குப் பின்னால் இப்படி யாரோ சிலர் கொடுத்த ரத்தமும் இருக்கிறது. பணத்துக்காகப் போனாலும் அவர்கள் செய்வது பயனுள்ள காரியம்தான்.

பணம் எதற்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பங்கேற்பவருக்குப் பயணச் செலவு, இழந்த சம்பளம், செலவழித்த நேரம், பட்ட சிரமம் ஆகியவற்றுக்குப் பணம் தரலாம். ஆனால், யோசிக்கவிடாமல் ஆளை இழுக்கும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதாக இருக்கக் கூடாது. எவ்வளவு தரலாம் என்பதை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அதாவது, தரப்படும் பணம் நேரத்துக்கும் சிரமத்துக்கும்தான். ஆபத்துக்கான விலை அதில் சேராது. ஆபத்து நேர்ந்தால் அதற்குச் சிகிச்சையும் இழப்பீடும் தனி. இந்த வித்தியாசம் புரிந்தால், ‘அதிகப் பணம் தர்றாங்கன்னா நல்ல ஆய்வு’ என்ற எண்ணம் போய்விடும்.

எங்கே தவறியது?

2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ‘டிஜிஎன்1412’ என்ற புதிய மருந்தின் முதல் மனிதச் சோதனை. எட்டு இளைஞர்கள், தலைக்குச் சுமார் 2,000 பவுண்டு. ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு மருந்தில்லாத ‘பிளாசிபோ’. ஒருவருக்குக் கொடுத்த சில நிமிடங்களிலேயே அடுத்தவருக்கும் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதிப்பு தொடங்கியது. மருந்து பெற்ற ஆறு பேருக்கும் உள்ளுறுப்புகள் செயலிழக்க ஆரம்பித்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். ஆனால் ஒருவர் கால் விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

2016 ஜனவரி. பிரான்ஸின் ரென் நகரில் இன்னொரு புதிய மருந்து. 10-ம் தேதி மாலை ஒருவர் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை, அதே குழுவில் இருந்த மற்றவர்களுக்கு வழக்கம்போல அடுத்த டோஸ் கொடுக்கப்பட்டது. முதலாமவர் பிறகு இறந்தார். இன்னும் ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்பதைச் சொல்லி, மற்றவர்களிடம் மீண்டும் சம்மதம் கேட்காததை அரசு விசாரணை குறையாகச் சொன்னது.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. ஆந்திராவின் அப்போதைய குண்டூர் மாவட்டம் பிடுகுராள்ளவைச் சேர்ந்த ஏழைப் பெண்கள், பணத்துக்காக ஹைதராபாத்தில் நடந்த மருந்து ஆய்வில் பங்கேற்றதும், உடல்நலக் குறைவு ஏற்பட்டதாகச் சொன்னதும் 2011-ல் வெளியே வந்தது. என்ன மருந்து, என்ன ஆய்வு என்று அவர்களுக்குச் சரியாக விளக்கப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மையத்தின் அனுமதியை நிறுத்திவைத்தது.

இப்படிப்பட்ட விபத்துகள் அடிக்கடி நடப்பவை அல்ல. லண்டன் சம்பவத்துக்குப் பிறகு, புதிய மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துப் பொறுத்திருந்து பார்க்கும் முறையை ஐரோப்பிய நெறிமுறைகள் வலியுறுத்தின. ஆனாலும் மூன்று சம்பவங்களிலும் ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: பங்கேற்றவருக்கு என்ன சொல்லப்பட்டது?

அசம்பாவிதம் நடந்தால்?

2019 விதிகளின்படி, ஆய்வின்போது உடல்நலப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும்.

உயிரிழப்புக்கான இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும் ‘ரிஸ்க்’ எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். வயதுக்கான எண் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் இருந்து வருகிறது. ரிஸ்க் எண், ஏற்கெனவே மரணத்தின் விளிம்பில் இருக்கும் நோயாளிக்கு 0.5. முழு ஆரோக்கியத்தோடு வந்தவருக்கு 4.

25 வயது ஆரோக்கியமான இளைஞருக்குப் போட்டுப் பார்த்தால், வயதுக்கான எண் 216.91. இழப்பீடு சுமார் 69.85 லட்சம் ரூபாய். நாமினி கட்டத்தை வெறுமனே விடக் கூடாது, ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்காமல் வரக் கூடாது என்பது இதற்காகத்தான். நகல் தர வேண்டியது அவர்கள் கடமை. கேட்டு வாங்குவதில் கூச்சமே தேவையில்லை.

மறைத்தால் என்ன ஆகும்?

ஒரு ஆய்வை முடித்தவர் அடுத்ததில் சேர, பொதுவாக மூன்று மாதம் இடைவெளி கேட்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் வாய்ப்பில்லை. மாதாந்திர இஎம்ஐயை இதை நம்பிப் போடவே முடியாது.

பணத் தேவை நெருக்கும்போதுதான் பொய் நுழைகிறது. “போன மாசம் வேற இடத்துல கலந்துக்கிட்டதைச் சொல்லாத, எடுத்துக்க மாட்டாங்க” என்று ஏஜென்ட்டே சொல்லித் தரும் நிலை வரலாம். அப்படி மறைத்தால் உடலில் மிச்சமிருக்கும் மருந்தோடு புது மருந்து மோதலாம். ரத்தசோகை வரலாம். ரத்த தானத்துக்கே ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி விதி இருக்கிறது. ஆய்வின் முடிவும் கெட்டுப்போகும், அந்த முடிவை நம்பி மாத்திரை சாப்பிடப்போவது யாரோ ஒரு நோயாளி. எல்லாவற்றுக்கும் மேல், நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது அந்தப் பொய்யே எதிராக நிற்கும்.

பிரிட்டனிலும் பிரான்ஸிலும் ஒரே ஆள் பல ஆய்வுகளில் அடுத்தடுத்து சேர்வதைத் தடுக்கப் பொதுப் பதிவேடுகள் உள்ளன. இந்தியாவில் கைரேகை வைத்துச் சரிபார்க்கும் மையங்கள் உண்டு. ஆனால் எந்தக் கருவியையும்விட, வாலண்டியர் சொல்லும் உண்மைதான் அவருக்கு முதல் பாதுகாப்பு.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* இது சமநிலை ஆய்வா, முதல் கட்ட ஆய்வா? இந்த மருந்தை இதற்கு முன் மனிதர்களுக்குக் கொடுத்திருக்கிறார்களா?

* சிடிஆர்ஐ பதிவு எண் என்ன? ஐசிஎம்ஆரின் கீழ் இயங்கும் இந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். எண் இருந்தால் போனிலேயே தேடிப் பார்க்கலாம். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

* நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் படிவத்தில் இருக்கிறதா? இந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் மருத்துவம் சாராத பொது மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. புகார் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

* மொத்தம் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? எத்தனை தடவை வர வேண்டும்?

* பாதியில் விலகினால் பணம் எப்படி? விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வு தொடர்பான மருத்துவக் காரணத்தால் விலக்கினால் முழுப் பலனும் கிடைக்க வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் நெறிமுறை. ‘கடைசிவரை இருந்தால்தான் ஒரு ரூபாயாவது’ என்றால் யோசிக்க வேண்டும்.

* படிவம் தமிழில் இருக்கிறதா? புரியும் மொழியில் தர வேண்டியது கட்டாயம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க, தெரிந்த டாக்டரிடம் காட்ட நேரம் கேட்கலாம். ‘இப்பவே கையெழுத்து போடுங்க’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

ஊசி இல்லாத வழிகளும் உண்டு

ஆய்வு என்றாலே மாத்திரை, ஊசி என்று இல்லை. புது ஆப் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்துக் கருத்து சொல்வது, நிறுவனங்கள் நடத்தும் குழு உரையாடலில் கலந்துகொள்வது, பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எனப் பல உண்டு. தொகை சிறியது. பல நேரம் கிஃப்ட் வவுச்சராகவே வரும். ரிஸ்க்கும் அந்த அளவுக்குக் குறைவு.

ஆனால் மோசடி அதிகம் உலவுவதும் இங்கேதான். ‘வீடியோவுக்கு லைக் போட்டால் பணம், சர்வே முடித்தால் பணம்’ என்று முதலில் நூறு, இருநூறு அனுப்பி நம்பவைப்பார்கள். பிறகு ‘பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டுங்க’ என்பார்கள். இதில் அடையாளம் ஒன்றே ஒன்று போதும்: உண்மையான ஆய்வு பங்கேற்பவருக்குப் பணம் தரும், அவரிடம் பணம் கேட்காது. ஓடிபி, வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு எதுவும் அதற்குத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

போகலாமா, வேண்டாமா?

சட்டப்படி நடக்கும் ஆய்வில், விவரம் தெரிந்து, உண்மையைச் சொல்லிச் சேர்வதில் தவறு எதுவும் இல்லை. மருந்துகள் வருவதே அப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் இதை வருமானமாக நினைப்பவர் ‘நோ’ சொல்லும் பலத்தை இழந்துவிடுகிறார். அடுத்த வாரம் வாடகை கட்ட அந்தப் பணத்தையே நம்பியிருப்பவருக்கு, தலை சுற்றினாலும் பாதியில் எழுந்து வர மனசு வராது.

அதனால் முடிவெடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை போதும். அந்த நாமினி கட்டத்தில் யார் பெயரை எழுதப்போகிறாரோ, அந்த அம்மாவிடமோ மனைவியிடமோ விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டுப் போக முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் படிவத்தை நிதானமாகப் படிக்க ஆரம்பிக்கலாம். சொல்லாமல் போக வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பணம் வேண்டாம்.