ஒன்றுபட்ட உணவு விடுதிகள்

தமிழர் குடியேறிய ஊரில் முதலில் எழுவது கோயில், அடுத்து எழுவது இட்லிக் கடை என்று நம்மவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. ரயில் நிலையத்தையொட்டி வளர்ந்த சிற்றூர்களிலோ இவ்வரிசை பெரும்பாலும் மாறியே இருக்கும். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த குமாஸ்தாவுக்கும், பிழைப்புத் தேடி வந்த இளைஞருக்கும் முதற் புகலிடம் அந்த விடுதியே. வாடகைக்கு அறை உண்டா என்ற விவரமும், சொந்த ஊர்ச் செய்தியும், மாதக் கடைசியில் கடன் சாப்பாடும் அங்கேதான் கிடைக்கின்றன. ஆதலின், அவ்விடுதிகளின் வாழ்வும் தாழ்வும் முதலாளிகளின் சொந்த விவகாரம் என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது.

இன்று அவர்கள் படும் தொல்லைகள் பல. வணிகத்திற்கான 19 கிலோ எரிவாயு உருளையின் விலை அடிக்கடி மாறுகிறது. மாறிய விலைக்கேற்ப நாள்தோறும் தோசை விலையை மாற்றி எழுத எவராலும் இயலாது. கைப்பேசி வழியாக உணவு அனுப்பும் நிறுவனங்கள் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. கைதேர்ந்த சரக்கு மாஸ்டர் பெருநகரச் சம்பளத்தை நாடிப் போய்விடுகிறார். இவற்றோடு நகராட்சியின் தொழில் உரிமம், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான பதிவு அல்லது உரிமம், குப்பைக் கட்டணம் என ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதங்கள் வந்து சேர்கின்றன.

நாம் பணிபுரியும் சந்திப்பு நிலையத்து ஊரில், நிலையத் தெருவில் 11 விடுதிகள் இருந்தன. தமிழருடையவை 4, உடுப்பியார் நடத்துபவை 2, ஏனையவை பஞ்சாபியருடையவும் உள்ளூராருடையவும் ஆகும். ஒருவர் தோசை விலையில் ஐந்து ரூபாய் குறைத்தால், எதிர்க்கடைக்காரர் சட்னியில் ஒரு வகை கூட்டுவார். ஒருவரிடம் வேலை செய்த மாஸ்டரை மற்றவர் இரவோடிரவாக அழைத்துக்கொள்வார். இந்நிலையில், சாக்கடைமேல் கட்டிய படிகளையும் வாசலில் வைத்த அடுப்புகளையும் ஏழு நாளில் அகற்ற வேண்டுமென்றும், குப்பைக் கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளதென்றும் நகராட்சி அறிவிப்பு அனுப்பியது.

ஒவ்வொருவரும் தனித்தனியே அலுவலகத்திற்கு ஓடினர். தனித்தனியே சிபாரிசு தேடினர். ஒருவருக்குத் தவணை கிடைத்தது என்று கேள்வியுற்ற மற்றவர், அவர்மேல் பொறாமை கொண்டனரேயன்றி, அத்தவணை தமக்கும் உரியதன்றோ என எண்ணவில்லை. முடிவில், எழுபதை நெருங்கிய நம்மவர் ஒருவர், இருபதாண்டுகளாகப் பேசாதிருந்த எதிர்க்கடைச் சர்தார்ஜியிடம் தாமே சென்று பேசினார். அன்றிரவு கடையடைத்த பின் பதினொருவரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தனர்.

அவரவர் ரசீதுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. ஒரே அளவுள்ள இரு கடைகளுக்குக் கட்டணம் வேறு வேறாக இருந்தது. மற்றோர் உண்மையையும் அவர்கள் மறைக்கவில்லை. சாக்கடை அடைபட்டதற்குத் தாம் கொட்டிய கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்குமே பெருங்காரணம் என ஒப்புக்கொண்டனர். ஆகவே, பிசுக்கைத் தடுக்கும் தொட்டி ஒவ்வொரு கடையிலும் கட்டுவதென்றும், மக்கும் குப்பையைப் பிரித்துப் பொதுச் செலவில் வண்டி வைத்து அனுப்புவதென்றும் தீர்மானித்தனர். அதன் பிறகே, கட்டண விகிதத்தை அச்சிட்டு வெளியிடுமாறு ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கேட்டனர்.

விளைவு முழு வெற்றியன்று. படிகள் இடிக்கப்பட்டன, ஒரு விடுதி தாங்க மாட்டாமல் மூடப்பட்டது. ஆனால், கட்டண விகிதம் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. அடுப்புகளை உள்ளே மாற்ற இரண்டு மாதத் தவணை எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்தது. பத்து விடுதிகள் இன்றும் நடைபெறுகின்றன.

பெரிய அளவிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2017ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், வரவிருந்த சரக்கு, சேவை வரியின் விகிதத்தை எதிர்த்துத் தென் மாநில விடுதிகள் ஒரு நாள் கதவடைத்தன. ஜூலையில் அவ்வரி வந்தபோது, குளிரூட்டப்படாத விடுதிகளுக்கு 12 விழுக்காடும், குளிரூட்டியவற்றிற்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 15 முதல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு ஈடாக, கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை நீங்கியது. கதவடைப்பொன்றே காரணம் என்று கூறோம்; எனினும், சிறு கடைகளின் குரல் தலைநகரை எட்டியது கூடிக் குரல் கொடுத்ததனாலேயே.

அதற்கும் முன்னர், காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடியபோது, ஏ. கே. கோபாலன் தந்த ஊக்கத்தால் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் தோன்றிய அம்முயற்சியே ‘இந்தியன் காபி ஹவுஸ்’ என நாட்டின் பல பகுதிகளிலும் பரவியது. ஜபல்பூர்ச் சங்கத்தின் விடுதிகளை மத்திய இந்தியாவில் வாழும் நம்மவர் நன்கறிவர்.

தள்ளுவண்டியில் இட்லி விற்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். 2014ஆம் ஆண்டு தெருவோர வணிகர் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வணிகர்களின் பிரதிநிதிகளுக்கு உரியது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. 30 நாள் முன்னறிவிப்பின்றி இடம்பெயர்த்தலும் ஆகாது. தனியொருவராகக் கேட்டால் இவ்வுரிமை ஏட்டிலேயே தங்கிவிடும்.

ஒன்றுபடுதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. எல்லாரும் கூடி ஒரே விலையை நிர்ணயித்தல் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்திற்கு மாறானது. விலையில் போட்டியிருக்கட்டும்; துப்புரவிலும், நியாயம் கேட்பதிலும் ஒற்றுமையிருக்கட்டும்.

நம் குடும்பங்களுக்கும் இதில் கடமையுண்டு. சட்டமும் மனுவும் எழுதத் தெரிந்தோர் நம்முள் பலர் உளர். மாநில மொழியில் எழுதவல்ல பிள்ளைகள் இன்னும் பலர் உளர். விடுமுறை நாளொன்றில் ஒரு மணி நேரம் இவ்விடுதியாளருக்கு உதவினால், நாளை ஊரிலிருந்து புதிதாய் வந்திறங்கும் தமிழ் இளைஞனுக்குச் சூடான இட்லியும் அன்பான ஒரு சொல்லும் தவறாமல் கிடைக்கும்.