வேலிக்கு உள்ளே சிந்தியது, ஊர்க் கிணற்றுக்கு வந்தால்

ராணுவ முகாமுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, காவலும் உண்டு. அதன் அடியில் ஓடும் நிலத்தடி நீருக்கு இரண்டும் கிடையாது. விமானத்துக்கு நிரப்பும் எரிபொருள், இயந்திரப் பாகங்களைக் கழுவும் கரைப்பான், தீயணைப்புப் பயிற்சியில் பீய்ச்சும் நுரை என எது மண்ணில் சிந்தினாலும் மழையோடு கீழே இறங்கும். பிறகு ஊற்று போகும் திசையில் நகர்ந்து, வேலிக்கு வெளியே யாரோ ஒருவருடைய கிணற்றில் வந்து சேரும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள லெஜூன் மரைன் படைத் தளத்தில் 1953 முதல் 1987 வரை இப்படிக் கெட்ட தண்ணீரையே வீரர்களும் குடும்பங்களும் குடித்தார்கள். மாசில் ஒரு பகுதி, தளத்துக்கு வெளியே இருந்த சலவைக்கடை ஒன்றிலிருந்து வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட வழிசெய்யும் சட்டம் 2022இல்தான் வந்தது. ஹவாயில் ரெட் ஹில் என்ற இடத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டிய ராட்சத எரிபொருள் தொட்டிகள், குடிநீர் ஊற்றுக்குச் சுமார் 30 மீட்டர் மேலே இருந்தன. 2021 நவம்பரில் விமான எரிபொருள் கசிந்து, ஏறத்தாழ 93,000 பேர் பயன்படுத்திய குழாய்களில் எண்ணெய் வாடை அடித்தது. மக்கள் விடாமல் கேட்டதால் அடுத்த மார்ச்சிலேயே அந்தக் கிடங்கை மூடும் முடிவு எடுக்கப்பட்டது.

காவிரிக் கரையில் உள்ள தொட்டியத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காவிரிக் கரை மணலில் தண்ணீர் சீக்கிரம் இறங்கும். அதேபோல் எண்ணெயும் இறங்கும். கசிவது ராணுவத் தொட்டியா, பெட்ரோல் பங்க் தொட்டியா, பஸ் பணிமனையா என்று மண் பார்ப்பதில்லை. சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருள் வந்தது. பூமிக்கடியில் சென்ற பாரத் பெட்ரோலியம் குழாயின் கசிவுதான் காரணம். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை போனது.

தமிழ் மண்ணில் இதைவிட அழுத்தமான பாடம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத அந்தக் குடாநாடு சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணறுதான் கதி. அனல் மின் நிலையத்தைச் சுற்றிய வீடுகளின் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் மின் உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு மக்களின் அச்சத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் தேசிய நீர் வழங்கல் சபை கிணறு கிணறாகச் சோதித்து, பெரும்பாலானவற்றில் எண்ணெய் அளவு வரம்பைத் தாண்டியிருப்பதைப் பதிவு செய்திருந்தது. சூழலியல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணையும் நீரையும் கெடுத்ததற்காக, அந்த மின் நிலையத்தை நடத்திய நொர்தர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் கட்ட வேண்டும். அதில் ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றுக்கு அது ஈடாகாது. ஆனாலும் கெடுத்தவரே கட்ட வேண்டும் என்று நிலைநாட்ட முடிந்ததற்குக் காரணம், தேதி போட்டு எழுதி வைத்த அந்தச் சோதனைத் தாள்கள்தான்.

ஆகவே எங்கும் முதல் வேலை, கிணறு நன்றாக இருக்கும்போதே சோதித்துத் தாளைப் பத்திரப்படுத்துவது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஆனால் அங்கே வழக்கமாகப் பார்ப்பது உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவற்றை. எண்ணெய், கரைப்பான், பாதரசம் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அந்த வசதியுள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ‘குடிக்க உகந்தது’ என்று வரும் தாள், தேடாத ஒன்றைப் பற்றி எதுவும் சொல்லியிருக்காது. தீயணைப்பு நுரையில் இருந்த பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களுக்கு அமெரிக்கா 2024இல் விதித்த வரம்பு, முக்கியமான இரண்டுக்கு, லிட்டருக்கு 4 நானோகிராம். அவ்வளவு நுண்ணியது, நிறமோ வாடையோ காட்டிக் கொடுக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது போகாது. எண்ணெய் வாடை வரும் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆவி வீட்டுக்குள் பரவும்.

ராணுவ முகாம்களைப் பற்றித் தகவல் கேட்டால் ‘பாதுகாப்பு ரகசியம்’ என்ற பதில் வரலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு அதற்கு இடம் தருகிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம் என்று 8(2) சொல்கிறது. உயிர் பற்றிய தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும். என் யோசனை, கேள்வியை வேலிக்கு வெளியே வைப்பது. முகாமின் வரைபடத்தைக் கேட்க வேண்டாம். சுற்றியுள்ள பொதுக் கிணறுகளின் சோதனை முடிவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். அதில் ரகசியம் ஏதும் இருக்க முடியாது. அரசுத் துறை செய்த தவறுக்கும் பொறுப்பு உண்டு என்று 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

மாசடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். கெடுத்தவர் யாரென்று கண்டால் சுத்திகரிப்புச் செலவு அவருடையது. பட்டியலில் ஓர் இடம் ஏற வேண்டுமானால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்க வேண்டும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் காலக்கெடு முக்கியம். பொதுவான சுற்றுச்சூழல் தகராறுக்கு 6 மாதம். இழப்பீடும் மண்ணை மீட்டுத் தருவதும் கோரினால் 5 ஆண்டு. இரண்டுக்கும் தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

வழக்கில் ஜெயித்த பிறகும் ஒரு கேள்வியை விடக்கூடாது: எவ்வளவு சுத்தம்? கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று சுத்திகரிப்பு இலக்கு வைத்தபோது, பணக்கார நாட்டில் குடியிருப்புப் பகுதிக்கு இதை ஏற்பார்களா என்று சூழலியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மண்ணைத் தோண்டி எடுக்கலாம், கழுவலாம், ஆவியாக்கி உறிஞ்சலாம், நீரை இறைத்து வடிகட்டித் திரும்ப விடலாம். எந்த முறையானாலும் எட்ட வேண்டிய அளவும், அதன் பிறகு எத்தனை ஆண்டு கண்காணிப்புக் கிணற்றில் மாதிரி எடுப்பார்கள் என்பதும் உத்தரவில் எண்ணாக இருக்க வேண்டும்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தொட்டியம் பேரூராட்சி என்பதால் அங்கே இல்லை, சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. பெட்ரோல் பங்க், பணிமனை, ஆலை இவற்றுக்குப் பக்கத்தில் உள்ள பொதுக் கிணறுகளை எண்ணெய்க்கும் கன உலோகங்களுக்கும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று அங்கே ஒரு தீர்மானம் போடலாம்.